ஓர்டர் பேப்பர் கேள்வி: மாகாண அரசிடம் எழுதிக் கேட்பதால் பிரயோசனம் உண்டா?

மார்க்கம்_ரவி:

வணக்கம். ஒன்ராறியோ மாகாண அரசியல் தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்று வரப்போகிறது என்று அறிவித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. தலைக்கவசம் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு நின்று படமும் எடுத்தார்கள். காணியில் இன்றைக்கும் புல்தான். என் அம்மா இன்னொரு இல்லத்தின் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார். தமிழ் பேசும் ஊழியர்கள் உள்ள இடம்தான் வேண்டும் என்றால் இன்னும் நீளும் என்கிறார்கள். மாகாணம் முழுவதும் 40,000 பேருக்கு மேல் காத்திருப்பதாகச் செய்திகளில் வருகிறது. 2028க்குள் 30,000 புதிய படுக்கைகள் என்று அரசு சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பிள்ளை, "ஓர்டர் பேப்பரில் ஒரு கேள்வி வைக்கலாம், நீங்களே ஒரு வரைவு எழுதித் தாருங்கள்" என்று சொன்னார். ஓர்டர் பேப்பர் என்றால் சபையின் அலுவல் பட்டியலாம். சபையில் எழும்பிக் கேட்பது இல்லையாம், எழுத்தில் கொடுப்பதாம். யாரும் பார்க்காத கடதாசியில் கேட்டு என்ன வரப்போகிறது? மனுவுக்குக் கையெழுத்து வாங்குவதையும் பத்திரிகைக்குப் போவதையும் விட்டுவிட்டு இதற்கு மினக்கெடலாமா?

ஸ்காபரோ_சிவா:

ரவி அண்ணை, நேரத்தை வீணாக்காதீர்கள். அமைச்சில் இருக்கிற யாரோ ஒரு பொடியன் எழுதிக் கொடுப்பான், அமைச்சர் கையெழுத்து வைப்பார். "எமது அரசு வரலாறு காணாத முதலீட்டைச் செய்கிறது, முன்னைய அரசு ஒன்றுமே செய்யவில்லை." எல்லாப் பதிலும் இதுதான். பத்து குடும்பம் சேர்ந்து அமைச்சரின் தொகுதி அலுவலகத்துக்கு முன்னால் பதாகையோடு நில்லுங்கள், அடுத்த நாளே பேசுவார்கள்.

பனிப்பூ:

சிவா சொல்வதில் பாதி சரி. அந்தப் பதில்களை நானும் நிறையப் படித்திருக்கிறேன். குயின்ஸ் பார்க்கில், அதாவது ஒன்ராறியோ சட்டமன்றத்தில், ஒரு எதிர்க்கட்சி உறுப்பினரிடம் சில வருடம் வேலை செய்தேன், இந்தக் கேள்விகளை எழுதுவதே என் வேலையில் பாதி. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சியில் வருகிற கேள்வி நேரம் காலை 10:30க்குத் தொடங்கும். அது கமெராவுக்கானது. உறுப்பினர் ஒரு வசனம் கத்துவார், அமைச்சர் வேறொரு விஷயத்தைப் பற்றிக் கத்துவார், இரண்டு பக்கமும் மேசையில் தட்டும். மாலைச் செய்தியில் பதினைந்து வினாடி ஓடும். எழுத்துமூலக் கேள்வி அப்படி இல்லை. உறுப்பினர் அதைச் சபையின் எழுதுவினைஞரிடம் கொடுக்கிறார், இலக்கத்தோடு ஓர்டர் பேப்பரில் அச்சாகிறது. அதற்குப் பிறகு 24 அமர்வு நாட்களுக்குள் அமைச்சர் பதில் தரவேண்டும் என்று சபையின் நடைமுறை விதியான நிலையியற் கட்டளை சொல்கிறது. "இதற்கு விடை தேட அதிக செலவும் நேரமும் ஆகும்" என்றோ "பதிலளிக்க மறுக்கிறேன்" என்றோ சொல்லவும் அவருக்கு இடமுண்டு. ஆனால் அதையும் எழுத்தில் தான் சொல்லவேண்டும். மறுத்ததும் பதிவாகிவிடும்.

அமர்வு நாள் என்பதைக் கவனியுங்கள், அங்கேதான் ஆட்கள் ஏமாறுவது. சபை திங்கள் முதல் வியாழன் வரைதான் கூடும். இடையில் சபை கூடாமல் உறுப்பினர்கள் தொகுதியில் இருக்கும் தொகுதி வாரங்கள், கோடை விடுமுறை. 2024இல் ஜூன் 6ஆம் திகதி கலைந்து ஒக்டோபர் 21க்குத் தான் திரும்பினார்கள். அந்த வருடம் மே கடைசியில் வைத்த கேள்விக்கு 24 நாள் கணக்குப் போட்டால் நவம்பர் பிற்பகுதி வந்துவிடும். நவம்பர் பிற்பகுதியில் வைத்தவர்களுக்கோ கெடு வரவே இல்லை. டிசம்பர் 12 சபை கலைந்தது, 2025 ஜனவரி 28 தேர்தல் அறிவித்தார்கள், ஓர்டர் பேப்பரில் இருந்ததெல்லாம் அதோடு செத்தது. புதுச் சபை வந்த பிறகு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

கெடு தாண்டினால் உறுப்பினர் சபையில் எழும்பி, விதி மீறப்பட்டுவிட்டது என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். சபாநாயகர் அமைச்சரைப் பார்த்து, பதில் தாமதமாகிவிட்டது, எப்போது வரும் என்று உறுப்பினருக்குச் சொல்லுங்கள் என்று நினைவூட்டுவார். தண்டனை ஒன்றும் இல்லை. ஆனால் சபைப் பேச்சுகளின் பதிவேடான ஹன்சாட்டில் ஏறும். அமைச்சரின் அலுவலகத்துக்கு இது ஒரு சின்ன அவமானம். பல பதில்கள் அந்த அவமானத்துக்குப் பயந்துதான் கடைசி நாளில் வந்து சேரும்.

சரி, பதில் எப்படி இருக்கும்? ஒரு தாள். மேலே கேள்வியின் இலக்கம், கீழே அமைச்சரின் கையெழுத்து. நடுவில் இருப்பது முழுக்க முழுக்க நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு அமைச்சிடம் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடப்பதைப் பற்றி நாங்கள் முதலில் கேட்டது: "இந்தத் தாமதத்தைக் குறைக்க அமைச்சர் என்ன நடவடிக்கை எடுக்கிறார்?" சிவா சொன்ன பதில் அச்சொட்டாக வந்தது. நாலு பந்தி, நாலும் புகழ்மாலை. இரண்டாம் முறை, "மார்ச் 31 அன்று 12 மாதத்துக்கு மேலாகத் தீர்க்கப்படாமல் இருந்த விண்ணப்பங்கள் எத்தனை, பிராந்தியவாரியாகத் தருவாரா?" என்று கேட்டோம். இரண்டு வரி வந்தது: அமைச்சு அந்த வடிவில் தரவுகளைப் பேணுவதில்லை.

அலுவலகத்தில் இருந்த இளம் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போனது. எங்கள் உறுப்பினர் மட்டும் சிரித்தார். அடுத்த வாரம் அந்த இரண்டு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி நேரத்தில் எழும்பினார். தேக்கத்தைக் குறைத்துவிட்டோம் என்று மூன்று அறிக்கை விட்ட அமைச்சர், எத்தனை தேங்கியிருக்கிறது என்று எண்ணுவதே இல்லை என்று தன் கையெழுத்தோடு எழுதித் தந்திருக்கிறாரே என்று கேட்டார். பத்திரிகைகள் அதைத்தான் எடுத்தன.

அதனால் ரவி, இதையும் மனுவையும் எதிரெதிரே வைக்காதீர்கள். மனு கோபத்தைக் காட்டும். இது ஆதாரத்தைத் தரும். பத்திரிகைக்காரரிடம் போகும்போது உங்கள் கையில் அமைச்சரின் கையெழுத்து இருக்கும். 5 டொலர் கட்டித் தகவல் அறியும் விண்ணப்பமும் போடலாம். அது இருக்கிற ஆவணத்தைக் கேட்பது, பாதி கறுப்பு மை பூசி வரும். கேள்விக்கு அமைச்சரே வாய் திறக்கவேண்டும்.

ஆளும் கட்சி உறுப்பினரும் இதை வைக்கலாம், சட்டத்தில் தடையில்லை. வைக்கமாட்டார்கள் என்பது வேறு கதை.

ஜோபர்க்_கணக்கன்:

நான் கனடா இல்லை, தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க்கில் கணக்காளராக இருக்கிறேன். இங்கேயும் மாகாண அரசுதான், அதனால் ஒன்று சொல்லத் தோன்றியது. "கேள்வி கேட்டு என்ன ஆகும்" என்று சிவா சார் கேட்பதற்கு, இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பதில் இருக்கிறது. சந்தோஷமான பதில் இல்லை.

2015 அக்டோபரில், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தின் சுகாதாரத் துறை, லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநல மருத்துவமனைகளோடு இருந்த ஒப்பந்தத்தை முடிக்கப்போவதாக அறிவித்தது. சொன்ன காரணங்களில் முக்கியமானது செலவு. அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 320 ராண்ட். நோயாளிகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினால் 112 ராண்ட். கணக்காளனாக அந்த இரண்டு எண்களைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றில் ஒரு பங்கு காசில் அதே மருந்து, அதே சாப்பாடு, அதே நர்ஸ் எப்படிக் கிடைக்கும்? மனநல அமைப்புகளும் குடும்பங்களும் எச்சரித்தார்கள், நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். நிற்கவில்லை. 2016 ஜூன் இறுதிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை மாற்றிவிட்டார்கள். பல குடும்பங்களுக்குத் தங்கள் ஆள் எங்கே போனார் என்றே தெரியாது.

மாகாண சட்டமன்றத்தில் ஜாக் ப்ளூம் என்று ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர். 1994இலேயே உறுப்பினரானவர், சுகாதாரத் துறையை விடாமல் கேள்வியால் குடைந்தவர். மாற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் இறந்துவிட்டார்கள் என்று கேட்டார். 2016 செப்டம்பர் 13 அன்று மாகாண சுகாதார அமைச்சர் கெடானி மஹ்லாங்கு சபையில் பதில் சொன்னார்: 36 பேர்.

நாடே அதிர்ந்தது. மத்திய சுகாதார அமைச்சர் மோட்சோஅலெடி, சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மக்கோபாவிடம் விசாரிக்கச் சொன்னார். 2017 பிப்ரவரி 1 அறிக்கை வந்தது. அந்த 27 தொண்டு நிறுவனங்களில் ஒன்றுக்குக்கூட முறையான உரிமம் இல்லை. இறந்தவர்கள் 94க்குக் குறையாது. அப்புறம் அறிக்கையில் இன்னொன்று இருந்தது, அதை நான் இரண்டு முறை படித்தேன். அமைச்சர் "36" என்று சொன்ன அந்த நாளில் ஏற்கெனவே 77 பேர் இறந்திருந்தார்கள்.

அறிக்கை வருவதற்குச் சற்று முன்பே மஹ்லாங்கு ராஜினாமா செய்துவிட்டார். பிறகு முன்னாள் துணைத் தலைமை நீதிபதி மொசெனெகே முன்னால் நடுவர் விசாரணை. பார்க்டவுனில் நடந்தது, டிவியில் நேரலை. அலுவலக கேன்டீனில் எல்லோரும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். 2018 மார்ச் 19 தீர்ப்பில் எண்ணிக்கை 144 ஆனது. வழக்காடிய குடும்பங்களுக்கு 12 லட்சம் ராண்ட் வீதம் இழப்பீடு. 2024 ஜூலையில் மரண விசாரணை நீதிமன்றம், ஒன்பது பேரின் சாவுக்கு அந்த அமைச்சரும் மாகாண மனநலப் பிரிவின் தலைவரும் காரணம் என்று சொன்னது.

கேள்வி ஒருவரின் உயிரையும் திருப்பித் தரவில்லை. கேட்பதற்குள் பெரும்பாலான சேதம் நடந்து முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் குடும்பங்களிடம் இருந்தது தனித்தனி துக்கம்: என் அண்ணன், என் அம்மா. அரசு வாயிலிருந்து ஒரு எண் வந்த பிறகுதான் அது ஒரே விவகாரம் ஆயிற்று. அந்த எண் தவறு என்பதுகூட பிறகு அரசுக்கு எதிராகவே நின்றது. தேதி போட்டு, சபையில் சொன்னதை எப்படி மறுக்க முடியும்?

மார்க்கம்_ரவி:

கணக்கன் ஐயா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நன்றி.

பனிப்பூ அக்கா, நேற்று இரவு வீட்டில் எல்லோரும் இருந்து ஒரு வரைவு எழுதினோம். பாருங்கள்:

"தமது இரத்தத்தையும் வியர்வையையும் சிந்தி இந்த மாகாணத்தைக் கட்டியெழுப்பிய எங்கள் பெற்றோர் வருடக்கணக்காகக் காத்திருந்து வாடும்போது, வாக்குறுதி அளித்த இல்லங்களைக் கட்டாமல் அரசு ஏன் பொறுப்பற்று நடந்துகொள்கிறது, எப்போது இவற்றைக் கட்டி முடிப்பார்கள், கலாசார ரீதியான பராமரிப்புக்கு என்ன செய்யப்போகிறார்கள்?"

யாழ்_கைதடியான்:

உங்கள் உரையாடலைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. இலங்கையில் எங்கள் வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் தேர்தல் நடந்தது, 38 ஆசனத்தில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எடுத்தது. கைதடியில் சபைக் கட்டடம். 2018 ஒக்டோபரோடு பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு உறுப்பினரும் இல்லை, அமைச்சரும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆளுநரும் செயலாளர்களும் தான் மாகாணத்தை நடத்துகிறார்கள். வீதியைப் பற்றியோ ஆஸ்பத்திரியைப் பற்றியோ அறிய வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாங்களே விண்ணப்பம் போடவேண்டும். அது நல்ல சட்டம் தான். ஆனால் தகவல் உத்தியோகத்தர் கடதாசியைத் தருவார், பொறுப்பை ஏற்கமாட்டார்.

சபை இருந்த காலத்திலும் தீர்மானம் தீர்மானமாக நிறைவேற்றினோமே தவிர, ஒரு திணைக்களத்தைப் பிடித்து உட்காரவைத்துக் கணக்குக் கேட்டது குறைவு. அது என் அபிப்பிராயம், சண்டைக்கு வரவேண்டாம்.

பனிப்பூ:

ரவி, அம்மாவுக்காக எழுதியது தெரிகிறது. ஆனால் இதை இப்படியே கொடுத்தால் எழுதுவினைஞரின் மேசையே தாண்டாது. எழுத்துமூலக் கேள்வியில் வாதமோ அபிப்பிராயமோ இருக்கக்கூடாது என்பது விதி. "பொறுப்பற்று", "வாடும்போது" எல்லாம் வெட்டுப்படும். வெட்டாமல் விட்டாலும் அமைச்சருக்கு அது வெல்லக்கட்டி. "ஏன்" என்று தொடங்கும் கேள்விக்கு ஒரு பேச்சே எழுதலாம். "எப்போது" என்றால் "விரைவில்". "என்ன செய்யப்போகிறார்கள்" என்றால் புகழ்மாலை.

உங்களிடம் மூன்று கேள்வி இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் அவர்கள் மிக இலகுவானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். தனித்தனி இலக்கத்தில் வையுங்கள். முதலாவதை நான் இப்படி எழுதுவேன், ஆங்கிலத்தில் அந்த அலுவலகமே மாற்றிக்கொள்ளும்:

"2018 ஜூலை 1 முதல் இன்று வரை மார்க்கம், ஸ்காபரோ ஆகிய இடங்களில் அமைவதாக அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கும், ஒதுக்கப்பட்ட படுக்கைகளின் எண்ணிக்கை, கட்டுமானம் தொடங்கிய திகதி, முதல் குடியிருப்பாளர் அனுமதிக்கப்பட்ட திகதி, இன்னும் திறக்கப்படாவிட்டால் தற்போது எதிர்பார்க்கப்படும் திறப்புத் திகதி ஆகியவற்றை அமைச்சர் தருவாரா?"

இதில் புல்வெளி இருக்கிற காணிக்கு "கட்டுமானம் தொடங்கிய திகதி" என்ற இடத்தில் ஏதாவது ஒன்றை எழுதியே ஆகவேண்டும். வெறுமையாக விட்டால் அதுவே செய்தி. எதிர்பார்க்கப்படும் திகதி ஒன்றைப் போட்டால் இன்னும் நல்லது. அந்தத் திகதி தவறும் நாளில் கணக்கன் சொன்ன 36 மாதிரி அது அவர்களைத் துரத்தும்.

மொழி பற்றியதை "கலாசார ரீதியான பராமரிப்பு" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தமிழைத் தாய்மொழியாகக் குறிப்பிட்ட எத்தனை விண்ணப்பதாரர் பட்டியலில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தரவு இல்லை என்று பதில் வருவதற்குத் தான் வாய்ப்பு அதிகம். பயப்படாதீர்கள், அந்தப் பதிலும் நமக்கு வேண்டும். ஒவ்வொரு இல்லத்திலும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கைக் கேட்கவேண்டாம். அது ஏற்கெனவே இணையத்தில் வெளிவருகிறது, இணைப்பை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்கள்.

கொடுக்கும் முன்னர் சட்டமன்றத்தின் இணையத்தளத்தில் பழைய கேள்விகளைத் தேடுங்கள், இதே விஷயத்தை வேறொரு தொகுதிக்காரர் கேட்டுப் பதிலும் வந்திருக்கலாம். அப்படி இருந்தால் அந்த இலக்கத்தைச் சுட்டிக்காட்டி, "அதில் தரப்பட்ட திகதியிலிருந்து மாற்றம் உண்டா" என்று கேட்பது இன்னும் கூர்மையாக இருக்கும். சபை மறுபடி எப்போது கூடுகிறது என்று அந்த அலுவலகத்துப் பிள்ளையிடம் விசாரித்து முதல் வாரத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். 24 நாளை நாட்காட்டியில் நீங்களே எண்ணி வையுங்கள், அவர்களிடம் நூறு கேள்வி இருக்கும், உங்களுடையதை நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். கெடு முடிந்த அடுத்த காலை தொலைபேசி எடுத்து, ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவீர்களா என்று கேளுங்கள்.

சிவா, பதாகையை எறிந்துவிடாதீர்கள். பதில் வந்த பிறகு அதில் என்ன எழுதுவது என்று தெரிந்துவிடும்.